யூஎக்ஸ் டிசைன் வேலை எப்படி நடக்கிறது? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கணினி வகுப்பு முடித்த பிள்ளைகள், தோட்டத்தில் பிறந்து கொழும்பு கம்பனிகளில் வேலை பார்க்கிறவர்கள், மகளை இந்தத் துறைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோர் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் தன்னுடைய அன்றாட நிறுவையைப் போனில் பார்க்க உதவும் ஒரு செயலி. நம் வீடுகளுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் விளங்கிக்கொள்ள லேசாக இருக்கும்.

யூஎக்ஸ் டிசைனர்னா ஆப்புக்கு அழகா படம் போடுறவங்கதானே அக்கா?

படம் போடுவதும் உண்டு. ஆனால் அது வேலையின் பின்பாதி. யூஎக்ஸ் என்றால் பயனர் அனுபவம். ஒருவர் ஒரு பொருளை வைத்துத் தன் காரியத்தை முடிக்கப் பார்க்கும்போது அவருக்கு நேர்கிற எல்லாமே அதில் அடங்கும்: எங்கே தேடினார், எங்கே தடுமாறினார், எந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் போனை நீட்டினார் என்பதெல்லாம்.

1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொன் நோர்மன் இந்தச் சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் அது பரவியது. திரையை மட்டும் பார்ப்பது போதாது, பொருளின் உருவம், அதைக் கையாளும் விதம், கூட வரும் கையேடு எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். நம் உதாரணத்தில் தராசும், நிறுக்கிற நேரமும், துண்டு எழுதித் தருகிறவரும் டிசைனின் பகுதிதான்.

உயர்தரத்துல கலைப்பிரிவு படிச்சேன். கோடிங் தெரியாது. இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். மனிதர்களைக் கவனிக்கவும், கேட்டதைத் தெளிவாக எழுதவும், எழுதியதிலிருந்து ஒரு முடிவுக்கு வரவும் பழகியவர்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. கோடிங் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எது லேசு, எது கஷ்டம் என்று பொறியியலாளரோடு பேசுகிற அளவுக்குத் தெரிந்தால் போதும். ஆங்கிலம் வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன.

ஒரு புரொஜெக்ட் கைக்கு வந்ததும் முதல்ல ஃபிக்மாவைத் திறப்பீங்களா?

இல்லை. ஃபிக்மா திரைகளை வரைகிற மென்பொருள், அது பிறகு. முதலில் கேள்விகள். இதை யார் கேட்டார்கள், ஏன் இப்போது கேட்கிறார்கள், இது இல்லாமல் இன்றைக்கு அந்தக் காரியம் எப்படி நடக்கிறது, வேலை முடிந்ததும் எது மாறியிருந்தால் சந்தோஷப்படுவார்கள்? இந்த நாலுக்கும் பதில் எழுதி, வேலை கொடுத்தவரிடம் காட்டி, “நீங்கள் சொன்னது இதுதானே?” என்று உறுதிசெய்துகொள்வேன். அந்த ஒரு பக்கக் காகிதத்திலேயே பல சண்டைகள் முளைக்காமல் போகும்.

அதற்குப் பிறகு வேலை நடக்கிற இடத்துக்குப் போவேன். மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9241-210 சொல்வதும் இதே வரிசைதான்: பாவனைச் சூழலை விளங்கிக்கொள், தேவைகளை எழுது, தீர்வை உருவாக்கு, அதைச் சோதித்துப் பார், தேவைப்பட்டால் பின்னால் போய்த் திருத்து. பிரித்தானிய டிசைன் கவுன்சிலின் ‘இரட்டை வைரம்’ வரைபடத்தையும் வகுப்பில் காட்டியிருப்பார்கள். முதல் வைரம் சரியான பிரச்சினையைக் கண்டுபிடிப்பதற்கு, இரண்டாவது சரியான தீர்வைக் கண்டுபிடிப்பதற்கு. புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது வைரத்தில் போய் நேராகக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த அக்கறை. பிரச்சினை எதுவென்று தெரியாமல் வரைந்த திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்கும் உதவாது.

அப்படிப் போய்ப் பார்த்தா என்ன பெருசா தெரியப்போகுது? கொழுந்து நிறுக்கிறது எங்களுக்குத் தெரியாததா?

தெரிந்த இடத்தில்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு தோட்டத்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், சாயந்தர நிறுவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் ஓர் அம்மா சாக்கைத் தூக்கிக் கொழுவினார். தராசில் எண் ஓடி நின்றது. அது கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருந்தது. அம்மா எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த சாக்கு ஏறிவிட்டது. துண்டில் 19 என்று எழுதியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அவர் கேட்டார்: “எனக்கு 21 வந்திருக்கணுமே, எவ்வளவு கழிச்சாங்க?”

வேலை கொடுத்தவர்கள் என்னிடம் கேட்டிருந்தது மாத மொத்தத்தைக் காட்டுகிற ஒரு திரை. அந்த அம்மாவுக்கு மொத்தத்தில் சந்தேகமே இல்லை. சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிந்தது என்பதுதான் அவருடைய கேள்வி. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். அதனால் அந்த இரண்டு கிலோ சின்ன விஷயமில்லை. திரையின் முதல் வரி “நிறுத்தது 21, சாக்கு 1, ஈரம் 1, கணக்கில் 19” என்று வர வேண்டும் என்பது அங்கே முடிவானது. அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்தாலும் அந்த வரி எனக்குக் கிடைத்திருக்காது.

ஆளுங்ககிட்ட “இப்படி ஒரு ஆப் வந்தா பாவிப்பீங்களா”ன்னு கேட்டா எல்லாருமே ஆமாங்கிறாங்க. அப்புறம் ஒருத்தரும் பாவிக்கிறதில்ல. ஏன்?

ஏனென்றால் நம் ஊரில் வீடு தேடி வந்தவர் மனம் நோக யாரும் பேசமாட்டார்கள். படித்த பிள்ளை நோட்டுப்புத்தகத்தோடு வந்து கேட்டால், தேத்தண்ணி கொடுத்து “நல்லா இருக்கும் மகள்” என்றுதான் சொல்வார்கள். அது அன்பு. தகவல் இல்லை.

நடக்கப்போவதைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். “போன மாதச் சம்பளத் துண்டை எப்போது பார்த்தீங்க? யார் வாசிச்சுக் காட்டினாங்க? கணக்கு பிழைன்னு நினைச்சீங்களா? அப்ப என்ன செஞ்சீங்க?” இவற்றுக்குச் சும்மா ஆமாம் போட முடியாது. முடிந்தால் அந்தத் துண்டையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் பேனாவால் வட்டம் போடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் பேசும். இன்னொன்று: கங்காணி பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். பதில் வேறாக வரும்.

எத்தனை பேரைப் பார்த்தா போதும்? 5 பேர்னு சொல்றாங்களே, அது உண்மையா?

அந்த 5க்கு ஒரு பின்னணி உண்டு. 1993இல் ஜேக்கப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் பல சோதனைகளின் முடிவுகளைக் கணக்கிட்டார்கள். சராசரியாக ஒருவரை வைத்துச் சோதித்தால் திரையிலுள்ள சிக்கல்களில் சுமார் 31 சதவீதம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் 5 பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களிடம் பழைய சிக்கல்களையே திரும்பப் பார்ப்போம். அதனால் 15 பேரை ஒரேயடியாகச் சோதிப்பதைவிட, 5 பேரைச் சோதித்துத் திருத்தி, மறுபடி 5 பேரிடம் போவது மேல்.

ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, இது திரையில் சிக்கலைத் தேடுவதற்கான எண். “தோட்டத்தில் எத்தனை சதவீதம் பேரிடம் ஸ்மார்ட் போன் இருக்கிறது” என்பதை 5 பேரிடம் கேட்டுச் சொல்ல முடியாது. மற்றது, ஆட்கள் வேறு வகையாக இருந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவர், கணக்கப்பிள்ளை, ஆபிஸ் கிளார்க் மூவரும் ஒரே செயலியை மூன்று விதமாகப் பாவிப்பார்கள்.

பேசி முடிச்சு நோட்டு நிறைய எழுதிட்டோம். இதை எப்படி டிசைனா மாத்துறது?

எழுதியதைச் சின்னக் காகிதங்களாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறவற்றைச் சேர்த்து வையுங்கள். குவியல் பெரிதாகிற இடத்தில் பிரச்சினை இருக்கிறது. பிறகு அதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எங்கள் வேலையில் அது இப்படி வந்தது: “கொழுந்து பறிக்கிறவருக்குக் கழிவு எவ்வளவு என்று அன்றைக்கே தெரிய வேண்டும், கேட்பதற்கு யாரிடமும் போய் நிற்காமல்.” இதற்குப் பிறகு யார் எந்த யோசனை சொன்னாலும் இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். காலநிலை காட்டலாமா, வாழ்த்துச் செய்தி அனுப்பலாமா என்று வந்தவை தாமாகவே விழுந்துவிட்டன.

அடுத்தது காகிதத்தில் கிறுக்குவது. ஒரே தீர்வை அழகாக வரையாமல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல தீர்வுகளை அசிங்கமாக வரையுங்கள். காகிதத்தில் வரைந்த திரையை ஒருவர் கையில் கொடுத்து “இன்றைய நிறுவையைப் பாருங்கள்” என்றால், அவர் விரலை எங்கே வைக்கிறார் என்பது தெரிந்துவிடும். சிக்னல் இல்லாத டிவிஷனிலும் (தோட்டத்தின் ஒரு பிரிவிலும்) காகிதம் வேலை செய்யும். ஃபிக்மா இதற்குப் பிறகுதான்.

சோதிக்கும்போது அவங்க தடுமாறினா நாம சொல்லிக் கொடுக்கலாமா?

கூடாது. வாய் துறுதுறுக்கும், ஆனாலும் பேசாமல் இருங்கள். நாளைக்கு அவர் தனியாக அதைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. “மனசுல என்ன நினைக்கிறீங்களோ அதைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே செய்யுங்க” என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தவறினால் அது செயலியின் பிழை, அவருடைய பிழை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களுக்குச் சோதனை என்ற சொல்லே பயம் தரும். நான் அந்தச் சொல்லையே பாவிப்பதில்லை.

தமிழ்ல டிசைன் பண்ணும்போது என்ன வித்தியாசம்? இங்கிலீஷ்ல பண்ணிட்டு மொழிபெயர்த்தா போதாதா?

போதாது. தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ் வெட்டுப்பட்டு நிற்பதை வங்கிச் செயலிகளில் பார்த்திருப்பீர்கள். மேலே இகரக் குறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரிகளுக்கு இடைவெளி கூட வேண்டும். நான் முதல் திரையையே தமிழில்தான் வரைவேன். தமிழ் அடங்கிய இடத்தில் ஆங்கிலம் தாராளமாக அடங்கும்.

குறுஞ்செய்தியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் யூனிகோடில் அனுப்பினால் 70தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பெரும்பாலும் இரண்டாக எண்ணும். ‘கொழுந்து’ நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 8. தினமும் ஆயிரம் பேருக்கு நிறுவைச் செய்தி அனுப்புகிற திட்டத்தில், செய்தி 70ஐத் தாண்டி இரண்டாக உடைந்தால் செலவும் இரட்டிப்பாகும். வாசகத்தைச் சுருக்கி எழுதுவது டிசைனரின் வேலை. கடைசியில் மொழிபெயர்ப்பவர் தலையில் அதைக் கட்டக்கூடாது.

நம்ம ஆளுங்களுக்காகன்னு தனியா கவனிக்க வேண்டியது வேற என்ன இருக்கு?

நிறைய. படிவங்களில் இருந்து தொடங்குங்கள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போட்டால் நம்மவர்கள் திணறுவார்கள். அப்பா பெயரையா போடுவது, முதலெழுத்தையா? முழுப்பெயருக்கு ஒரே பெட்டி போதும். முகவரியில் வீதி இலக்கத்தைக் கட்டாயமாக்கினால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவர் என்ன எழுதுவார்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயம் என்று எழுத இடம் விட வேண்டும்.

அடையாள அட்டை இலக்கம் நல்ல உதாரணம். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016இலிருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம், எழுத்து இல்லை. எண்தானே என்று எண் விசைப்பலகையை மட்டும் காட்டினால், பழைய அட்டை வைத்திருக்கிறவரால் அந்தக் கடைசி எழுத்தை அடிக்கவே முடியாது. வி மட்டும் ஏற்கிற படிவமும் அதே மாதிரி ஆளை வெளியே நிறுத்தும். வயதானவர்கள்தான் இதில் கூடுதலாக மாட்டுவார்கள்.

அப்புறம் போன். பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் மகனிடம். ஓடிபி அவன் வேலைக்குப் போன இடத்துக்குப் போகும். மழையில் நனைந்த திரை விரலைச் சரியாக உணராது, கொழுந்துக் கறையும் காய்ப்பும் ஏறிய விரலுக்கும் அதே சிரமம். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டி தொடுமிடத்துக்கு 48 டிபி (திரை அளவு அலகு) சொல்கிறது. நான் அதைக் குறைந்தபட்சமாகவே எடுத்துக்கொள்வேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு அணுகல்தன்மை விதிகளில் இருக்கிறது. உச்சி வெயிலில் மலையில் நின்று பார்க்கிறவருக்கு அதுவும் மட்டுமட்டுதான். சிக்னல் போனாலும் கடைசியாக வந்த கணக்கு திரையில் நிற்க வேண்டும், வெள்ளைத் திரையில் சக்கரம் சுற்றக்கூடாது.

ரிசர்ச்சுக்கு நேரமும் இல்ல, காசும் இல்லன்னு மேலதிகாரி சொல்லிட்டா?

அப்படித்தான் பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு மாத ஆய்வு கேட்காதீர்கள். ஒரு நாள் கேளுங்கள். அந்த ஒரு நாளில் மடுவத்தில் நின்று, மூன்று நாலு பேரோடு பேசி, அனுமதி வாங்கி எடுத்த ஒரு சின்னக் காணொளியோடு திரும்புங்கள். அறிக்கையை வாசிக்காதவர்கள்கூட, ஒருவர் திரையில் தடுமாறுகிற காணொளியைப் பார்த்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது நாள் தானாகக் கிடைக்கும். பொறியியலாளரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் இன்னும் நல்லது. கண்ணால் பார்த்தவர் “இதெல்லாம் செய்ய முடியாது” என்று அவ்வளவு லேசில் சொல்லமாட்டார்.

ஏஐ நொடியில ஸ்கிரீன் போட்டுக் கொடுக்குது. இனி நமக்கு என்ன வேலை?

திரை போடுவது மட்டும்தான் வேலை என்றால் பயப்பட வேண்டியதுதான். ஆனால் முதல் பதிலில் சொன்ன மாதிரி அது பின்பாதி. மாத மொத்தத்தைக் காட்டும் திரை வேண்டும் என்று கேட்டால் ஏஐ அதை அழகாகவே தரும். கழிவு எவ்வளவு என்று அந்த அம்மா கேட்டதை அது கேட்கவில்லை, எண் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்க்கவும் இல்லை. நான் பல வரைவுகளை வேகமாகப் பார்க்க ஏஐயைப் பாவிக்கிறேன். பாவனையாளருக்குப் பதிலாக அதனிடம் கருத்துக் கேட்க மாட்டேன். தமிழ் வாசகத்தையும் அது எழுதியபடி விடுவதில்லை, நம் தோட்டத்துப் பேச்சு அதற்குச் சரியாக வராது.

வேலைக்கு விண்ணப்பிக்கப் போர்ட்ஃபோலியோ கேக்கிறாங்க. இங்க இருந்துகிட்டு என்னத்தைக் காட்டுறது?

போர்ட்ஃபோலியோ என்றால் நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. அதில் பிரபலமான செயலிகளுக்குப் புதுச் சட்டை மாட்டிக் காட்டாதீர்கள். ஆயிரம் பேர் அதையே அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கிற ஒரு சிக்கலை எடுங்கள்: பஸ் நிலையத்தில் டிவிஷனுக்குப் போகிற கடைசி பஸ்ஸைத் தேடுகிறவர், கிளினிக் நம்பருக்கு விடியற்காலையில் வந்து நிற்கிறவர், ஒரு தோட்டத்துக்கு மொத்தமாக வந்த கடிதங்களில் தன்னுடையதைத் தேடுகிறவர். யாரைப் பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், எதை நம்பிப் போய் எது பொய்த்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதுங்கள். காகிதக் கிறுக்கலையும் படமெடுத்துப் போடுங்கள். நேர்முகத்தில் கேட்கப்போவது அதைத்தான். இரண்டு வேலை ஆழமாக இருந்தால் போதும்.

டிசைன் நல்லா வந்திருக்குன்னு எப்படி நிரூபிக்கிறது?

வேலை தொடங்கும்போதே இன்றைய நிலையை அளந்து வைத்திருந்தால் நிரூபிக்கலாம். கழிவு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒருவருக்கு எவ்வளவு நேரமானது, யார் உதவி தேவைப்பட்டது, கணக்குக் கேட்டு ஆபிசுக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை முன்னும் பின்னும் பாருங்கள். 1986இல் ஜோன் புரூக் உருவாக்கிய எஸ்யூஎஸ் என்ற, பாவிக்க எவ்வளவு லேசு என்று கேட்கிற 10 வாக்கியக் கேள்விக்கொத்தும் உண்டு. 100க்கு மதிப்பெண் வரும், சராசரி 68 என்று கொள்வார்கள். அது சதவீதம் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வாயால் கேட்டு நிரப்பலாம், ஆனால் நான் நேரக்கணக்கைத்தான் கூடுதலாக நம்புவேன்.

காசு கொடுக்கிறது கம்பனி, பாவிக்கிறது தொழிலாளி. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னா நீங்க யார் பக்கம் அக்கா?

கடினமான கேள்வி, இதைக் கேட்காத டிசைனர் இருக்கக்கூடாது. என் வேலை இருவருக்கும் பயன்படுகிற இடத்தைத் தேடுவது. கழிவைத் திறந்து காட்டினால் தகராறு குறையும், கிளார்க்கின் நேரம் மிஞ்சும் என்று நிர்வாகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்ட முடியும். பல வேளைகளில் அது எடுபடும்.

எடுபடாத இடங்களும் உண்டு. நிறுவைத் தரவை வைத்து யார் மெதுவாகப் பறிக்கிறார் என்று தரவரிசை போட்டுக் காட்டச் சொன்னால் நான் மறுப்பேன். நிறுவையைக் காட்டுவதற்கு என்று சொல்லி வாங்கிய தரவு அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்த நோக்கத்துக்காகத் தரவு எடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்தோடு நிற்கச் சொல்கிறது. கழிவு வரியைத் திரையில் ஒளித்து வைக்கச் சொன்னாலும் மறுப்புத்தான். அந்த வரிக்காகத்தான் நான் மடுவத்துக்குப் போனேன். மறுக்கும்போது கோபத்தில் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள், மாற்று வழியையும் கூடவே எழுதுங்கள்.

கடைசியில ஆப்பே தேவையில்லன்னு தெரிய வந்தா? அப்பவும் சொல்லுவீங்களா?

சொல்வேன். மடுவத்தில் பார்த்ததை நினைத்துப் பாருங்கள். தராசின் எண்ணைத் தொழிலாளி பக்கமும் திருப்பி, துண்டில் கழிவுக்கு இரண்டு கட்டம் சேர்த்து அச்சடித்தால் பாதிப் பிரச்சினை போன் இல்லாமலே தீரும். அதைத்தான் என் முதல் பரிந்துரையாகக் கொடுத்தேன். செயலி அதற்குப் பிறகு, துண்டைத் தொலைத்தவருக்கும் மாதக் கடைசியில் சரிபார்க்கிறவருக்கும்.

வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தால் உடன்படிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கவனித்துப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு தொகை, அதன் முடிவைப் பார்த்துத் தீர்மானிக்கிற வடிவமைப்புக்கு வேறொரு தொகை. முதல் பகுதி முடிந்ததும் “ஆப் வேண்டாம்” என்று எழுதிக் கொடுத்தாலும் உங்கள் கூலி கைக்கு வந்துவிடும்.